கலியாணத் துணியில் ஒரு வலை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பட்டறையிலிருந்து கேட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்கக் கூடாது. தொடங்கினால் நிறுத்த மாட்டாள். மை கலப்பது, அச்சுக்கட்டை வெட்டுவது, துணியை இழுத்துக் கட்டுவது எல்லாம் சொல்லித்தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிடப் பொறுமையும் அவர்களுக்கு அதிகம். நான் சொல்ல வந்தது ஆட்களைப் பற்றி. இந்தத் தொழிலில் கை தவறினால் துணி பழுதாகும். ஆளைப் பற்றிய கணிப்பு தவறினால் வேறு என்னென்னவோ பழுதாகும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் அந்தப் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். அதற்கு முன் இலங்கையிலிருந்து ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, அகதி முகாமில் இருந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, கடைசியில் துணி அச்சடிப்பில் ஒரு அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, படித்து முடித்திருந்தேன். நம்மவர்கள் எல்லாருடைய கதையும் ஏறக்குறைய அதுதான், அதனால் விட்டுவிடுகிறேன். முதலாளி அம்மாவை நாங்கள் ஷெஃபின் என்று கூப்பிடுவோம். ஜெர்மன்காரி, என்னைவிட வயதில் இளையவர். பசிபிக் தீவுகளில் சில காலம் இருந்து, அங்கே பெண்கள் தாப்பாத் துணி செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்து, அவர்களோடு சேர்ந்து தானும் செய்து பழகியவர்.

தாப்பா என்பது நெய்யாத துணி. ஒரு வகை மரத்தின் உட்பட்டையை உரித்து, ஊறவைத்து, கட்டையால் அடித்து அடித்து அகலமாக்குவார்கள். அதன் மேல் மண்ணிறத்திலும் கறுப்பிலும் கோலங்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாம் அவர்கள் நாளாந்தம் பார்க்கிற பொருட்கள்தான்: தாழை ஓலை, ஈரப்பலா இலை, பறவையின் கால்தடம், பூரான், மீன்வலை. நாலு கோட்டில் ஒரு பொருள் முடிந்துவிடும். அந்தக் கோலங்களை அப்படியே எடுத்துப் போட ஷெஃபின் விடமாட்டார். அவை அந்தத் தீவுக் குடும்பங்களுக்கு உரியவை, களவெடுக்க நமக்கு உரிமை இல்லை என்பார். நாங்கள் எடுத்துக்கொண்டது முறையை மட்டும். ஒருவருடைய வாழ்க்கையில் எந்தப் பொருள் ஊறிப்போய் இருக்கிறது என்று கேட்டுக் கண்டுபிடித்து, அதை நாலு கோடாகக் குறுக்கி, கட்டையில் வெட்டி, பருத்தித் துணியில் அச்சடிப்போம். அது அந்த ஆளுடைய அடையாளம், வேறு எவருக்கும் கொடுக்க மாட்டோம்.

அந்தக் காலத்தில் ஜெர்மன்காரருக்கு இதில் பெரிய மோகம். ஒரு பல் வைத்தியர் வந்து, நோயாளிகள் காத்திருக்கிற அறையின் திரைச்சீலைக்குச் சுறாப் பல் வேண்டும் என்றார். ஷெஃபின் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "உங்கள் நோயாளிகளிடமும் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்" என்றார். மனிதர் அடுத்த முறை வந்தபோது ஏதாவது இலை போதும் என்று சொல்லிவிட்டார்.

இன்னொரு முறை ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலை செய்தோம். ஞாபகம் மங்கியவர்களுக்குக் கதவில் இருக்கிற பெயரை வாசிக்க வராது, அதனால் ஒவ்வொரு கதவிலும் அவரவர் அடையாளம் ஒட்ட வேண்டும். ஒரு மூதாட்டிக்கு, அவருடைய மகளைக் கேட்டு ரோசாப்பூப் போட்டேன். மகள் கண் கலங்கி நன்றி சொன்னார். மூதாட்டியோ அந்தக் கதவைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்து கதைத்துப் பார்த்தால், ரோசாப்பூ பிடித்தது மகளுக்கு. தாய் ஆயுள் முழுக்கப் புறா வளர்த்தவர். புறாவின் கால்தடத்தை வெட்டி ஒட்டினோம். அடுத்த நாள் நேரே வந்தார், கதவைத் திறந்தார், உள்ளே போனார், எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை. யாருடைய அடையாளமோ அவரைக் கேளுங்கள், பிள்ளைகளே. மகளைக் கேட்காதீர்கள், மருமகனைக் கேட்காதீர்கள், பக்கத்தில் நின்று தலையாட்டுகிறவரைக் கேட்கவே கேட்காதீர்கள்.

சொல்ல லேசு. அதே பாடத்தை நம்முடைய சனத்துக்கு நடுவில் வைத்து நடத்திப் பார்த்தபோதுதான் எனக்கு வியர்த்தது. அந்த இல்லத்தில் வேலை செய்த றெஜினா என்ற நம்முடைய பிள்ளை, கதவுகளில் இருந்த அடையாளங்களைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்கு வந்தாள். கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஜெறோம், மன்னார்ப் பெடியன், ஹம் நகரத்தில் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. மாதா கோயில் யாத்திரைக்குப் போன பேருந்தில் சந்தித்துக்கொண்டவர்கள். விருந்து மண்டபத்தில் தங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் தொங்கவிட ஒரு பெரிய துணி, அதில் இருவருடைய அடையாளமும் கலந்து வரவேண்டும். கேட்கும்போதே அவளுக்கு முகம் எல்லாம் சிரிப்பு.

இரண்டு பேரையும் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்துக் கதைத்தேன். றெஜினா, "நாள் முழுக்க அந்த இல்லத்து நடையில ஓடுறன் அக்கா, கால்தான் என்ர அடையாளம்" என்றாள். அவளுக்குக் கரையில் ஓடுகிற சின்னப் பறவையின் கால்தடம் வரைந்தேன். ஜெறோம் யோசிக்கவே இல்லை. "வலை," என்றான். வலையை நாலு கோட்டில் வரைவது சுகம், சரிந்த கட்டங்கள்தான். றெஜினா படத்தின் பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள்.

இங்கே ஷெஃபினின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தீவுகளில் பெரிய தாப்பாத் துணியை ஒரு ஆள் தனியாகச் செய்வதில்லை, சுற்றியிருந்து எல்லாரும் செய்வார்கள். அதனால் எங்கள் பட்டறையிலும் கலியாணத் துணி என்றால் இரண்டு குடும்பமும் வரவேண்டும். முதலில் மணமக்கள் தங்கள் அடையாளம் என்னவென்று எல்லார் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்வார்கள். பிறகு வந்தவர்கள் எல்லாரும் அச்சுக்கட்டையை மையில் தோய்த்து ஆளுக்கு ஒரு தரமாவது அழுத்துவார்கள். எவ்வளவு கோணலாக விழுந்தாலும் நாங்கள் திருத்த மாட்டோம். ஜெர்மன் குடும்பங்கள் இதை ஒரு விளையாட்டுப்போலச் செய்துவிட்டு வைன் குடித்துவிட்டுப் போவார்கள்.

அச்சடிக்கிற சனிக்கிழமைக்கு முதல் வாரம் றெஜினாவின் அப்பா பட்டறைக்குத் தொலைபேசி எடுத்தார். கொலோனில் தமிழ்ச் சபைக் கூட்டங்களில் முன்வரிசையில் இருக்கிற மனிதர்.

"தங்கச்சி, நீங்கள் ஊரில எவ்விடம்?"

சொன்னேன்.

"அங்க ஆற்ற மகள்?"

அப்பாவின் பெயரையும் சொன்னேன்.

"அட, அப்ப எங்கட ஆக்கள்தான்," என்றார். குரல் அப்படியே இளகிவிட்டது. "ஒரு சின்ன உதவி. உந்த வலையை எடுத்துவிடுங்கோ. ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். அந்த இடத்தில தாழம்பூ ஒண்டு போடுங்கோ, வடிவாயிருக்கும்."

"ஏன் அண்ணை?"

"ஏனெண்டு உங்களுக்கு நான் விளங்கப்படுத்த வேணுமோ?"

வேண்டியதில்லைதான். உங்களில் சிலருக்கு வேண்டியிருக்கும், சொல்கிறேன். ஜெறோமின் ஆட்கள் கடலில் வலை போடுகிறவர்கள். றெஜினாவின் ஆட்கள் தோட்டம் துரவு உள்ளவர்கள். ஒரே வேதம், ஒரே பூசை, ஒரே மாதா. ஆனால் அந்த வீட்டுக்கு இந்த வீட்டுப் பெண்ணைக் கொடுக்க மாட்டார்கள். சாதிதான், வேறொன்றுமில்லை. இங்கே வந்து எல்லாரும் ஒரே குளிரில் நடுங்கி, ஒரே தொழிற்சாலையில் ஒரே தொப்பி போட்டும் அது கழன்று விழவில்லை. றெஜினா அழுது, சாப்பிடாமல் கிடந்துதான் சம்மதம் வாங்கியிருந்தாள். தகப்பன் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுச் சம்மதித்திருந்தார்: மாப்பிள்ளை மன்னார் என்று மட்டும் சொன்னால் போதும், மிச்சம் ஒருவருக்கும் தெரியத் தேவையில்லை. இப்போது அந்த மிச்சம் சுவர் அளவு துணியில் கொலோன் தமிழ்ச் சனம் முழுவதற்கும் முன்னால் தொங்கப்போகிறது.

"எடுக்காட்டி நாங்கள் சனிக்கிழமை வரமாட்டம்," என்றார். "கலியாணத்துக்கு வாறதோ எண்டும் யோசிக்க வேணும்." வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது, அதைவிடப் பயம் வந்தது. தாயும் தகப்பனும் வராவிட்டால் றெஜினா கோயில் பீடத்துக்கு முன்னால் போய் நிற்பாளா? அந்தப் பிள்ளையின் கலியாணம் ஒரு அச்சுக்கட்டையாக என் மேசையில் கிடந்தது.

ஷெஃபினிடம் போனேன். சாதியை ஜெர்மன் மொழியில் விளங்கப்படுத்துவது என்பது, பிள்ளைகளே, உங்களுக்கு ஒருநாளும் வரக்கூடாத வேலை. நான் கையையும் காலையும் ஆட்டிச் சொல்லி முடித்தேன். அவர் யோசித்துவிட்டு, "அந்த மனிதர் மீன் சாப்பிட மாட்டாரா?" என்று கேட்டார்.

"நல்லாகச் சாப்பிடுவார். கணவாய் என்றால் உயிர் என்று மகள் சொன்னாள்."

"அப்படியானால் பிடிக்கிறவரில் என்ன குறை?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "நாம் மாற்றினால் அது யாருடைய அடையாளம் என்று மட்டும் யோசி. மற்றது உன் ஆட்கள், உனக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். முதலாளி என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு வாய்க்குள் திட்டினேன்.

எனக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. வலை என்று நாங்கள் சொன்னால்தானே அது வலை? பார்க்கிறவருக்கு வெறும் சரிந்த கட்டம். தகப்பனுக்கு 'அது கோலம் அண்ணை, வலையை எடுத்துவிட்டேன்' என்று சொல்லிவிடலாம். ஜெறோமைச் சும்மா பேசாமல் நிற்கச் சொல்லலாம். துணியும் மாறாது, கலியாணமும் நடக்கும், எல்லாரும் சுபமாக வீட்டுக்குப் போவார்கள். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு யோசனை வரும், அதுவும் மிகவும் வடிவான யோசனையாகத்தான் வரும். செய்வதற்கு முன் அடையாளத்துக்கு உரியவருக்கு ஒருதரம் தொலைபேசி எடுங்கள். நான் எடுத்தேன்.

"தம்பி, சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால சொல்ல வேணும். விருப்பமில்லாட்டிச் சொல்லாமல் விடலாம். அப்பிடியும் செய்யிறவை."

ஜெறோமுக்கு விளங்கிவிட்டது. "அக்கா, உங்களோட ஆரோ கதைச்சிருக்கினம்."

"ஓம்," என்றேன். யார் என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

"அப்பா இந்தியாவில அகதி முகாமில இருக்கிறார் அக்கா. வர ஏலாது. அம்மாவும் இல்லை. என்ட அக்கா ஒராள்தான் இஞ்ச. அப்பாவுக்குப் பதிலா எண்டுதான் அந்த வலையைக் கேட்டனான். அதையும் எடுத்தா நான் ஆற்றையோ பிள்ளை மாதிரி எல்லோ போய் நிப்பன்?"

"அப்ப சொல்லப்போறீரோ?"

"சொல்லுவன்."

கோலம், குறுக்கு வழி எல்லாம் அத்தோடு போயிற்று. றெஜினாவின் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, அதை மாத்துறதெண்டா ஜெறோம்தான் மாத்தலாம். எனக்கு ஏலாது. நீங்கள் சனிக்கிழமை வந்து அவரிட்டச் சொல்லுங்கோ. அவர் ஓமெண்டா அந்த இடத்திலேயே எடுத்துவிடுறன்."

"அதெப்பிடி அந்தப் பெடியன்ர முகத்துக்கு நேர சொல்லுறது?"

"அதுதான் அண்ணை எனக்கும் விளங்கேல்லை."

"நீங்களும் எங்கட பிள்ளையெண்டு நினைச்சன்," என்றார். அது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் இதில் எனக்குப் பிறகு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஒருவருக்குத் தெரியாமல் அவருடைய அடையாளத்தை மாற்றச் சொல்லி யார் வந்தாலும், 'அவரிடமே சொல்லுங்கள்' என்று திருப்பி அனுப்பிவிடுங்கள். பாதிப் பேர் அந்த வாசலோடு நின்றுவிடுவார்கள்.

சனிக்கிழமை ஜெறோமும் அவனுடைய அக்காவும் ஹம்மிலிருந்து ரயிலில் வந்தார்கள். அக்கா ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்திருந்தா. றெஜினா தனியாக வந்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஷெஃபின் மையை வேண்டுமென்றே மெதுவாகக் கலக்கினார். சொன்ன நேரம் தாண்டி, நான் நம்பிக்கை விட்ட பிறகு, தாயும் தகப்பனும் வந்தார்கள். தகப்பன் மேலங்கியைக் கழற்றவில்லை. மை படாமல் கட்டச் சொல்லிக் கொடுத்த ஏப்ரனை, "எனக்குத் தேவையில்லை" என்று திருப்பிக் கொடுத்தார். தாய் மட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டா.

றெஜினா தன்னுடைய கால்தடத்தைப் பற்றிச் சொன்னாள். பிறகு ஜெறோம் மேசைக்குப் பக்கத்தில் வந்தான். தகப்பன் மை டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தொடங்கினார்.

"இது வலை," என்றான் ஜெறோம். "என்ட அப்பா வலை போடுறவர். அவற்ற அப்பாவும் அதுதான். நான் அந்த வலையில வந்த சாப்பாட்டிலதான் வளர்ந்தனான்." பிறகு ஷெஃபினுக்காக அதையே ஜெர்மனில் சொன்னான்.

முகத்துக்கு நேரே சொல்லலாம் என்று நான் கொடுத்த இடம் அதுதான். தகப்பன் வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். திறந்தது தாய். அதுவரை எதற்கும் ஓம், ஓம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவ.

"எங்களை இராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஆரப்பா?" என்று புருஷனைக் கேட்டா. குரல் உயரவில்லை. "இவளுக்கு அண்டைக்குக் காய்ச்சல் நெருப்பாக் காய்ஞ்சுது. நடுக்கடலில அந்தப் படகுக்காரன் தன்ர சேர்ட்டைக் கழட்டி இவளைச் சுத்தித் தந்தவன். நீங்கள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டனீங்கள். ஆற்ற ஆக்களெண்டு கேட்டுப்போட்டோ கும்பிட்டனீங்கள்?"

தாய் வலைக் கட்டையை எடுத்து மையில் தோய்த்து, இரண்டு உள்ளங்கையாலும் பலமாக அழுத்தினா. கட்டை கொஞ்சம் வழுக்கி, ஒரு பக்கம் கறுப்புக் கூடிப்போயிற்று. "பழுதாக்கிப்போட்டனோ பிள்ளை?" என்று என்னைக் கேட்டா. இல்லை என்று தலையை ஆட்டினேன். ஜெறோமின் அக்கா மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தா.

எல்லாரும் அழுத்தினோம். தகப்பன் கடைசியில் வந்து மகளுடைய கால்தடக் கட்டையை எடுத்தார். மேலங்கியின் கை மையில் படப் படக் கவனமாக ஒருதரம் அழுத்தினார். வலைக் கட்டையைத் தொடவில்லை. நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போக ஒரு அடி வைத்தேன். ஷெஃபின் என் முழங்கையைப் பிடித்தார். "விடு, வந்திருக்கிறார்தானே" என்றார். அவர் சொன்னது சரி. எங்கள் வேலை அடையாளத்தைக் காப்பாற்றுவது, மனிதரை அந்த மேசையில் வைத்து முழங்காலில் நிறுத்துவது எங்கள் வேலையல்ல. கெட்டிக்காரப் பிள்ளைகளான உங்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன், வென்ற பிறகு இன்னும் ஒரு அடி வைக்கத்தான் கை துறுதுறுக்கும். தகப்பன் வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்து ரோல்ஸ் சாப்பிட்டார். மீன் ரோல்ஸ்தான். ஒன்றோடு நிறுத்தவும் இல்லை.

கலியாணம் ஹம்மில் நடந்தது. பூசை முடிந்து, பக்கத்து மண்டபத்தில் விருந்து. மணமக்களுக்குப் பின்னால் துணி தொங்கியது, ஒரு மூலையில் கறுப்புக் கூடின அந்த அச்சோடு. கொலோனிலிருந்து ஒரு பேருந்து நிறையச் சனம் வந்திருந்தது. நான் புரியாணிக் கோப்பையோடு ஒரு தூணோரம் நின்றேன். எனக்கு முன்னால் றெஜினாவின் அப்பா, கோட்டும் சூட்டும் போட்டு, வந்தவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். சபைக்காரர் ஒருவர் அவருக்குக் கிட்ட வந்து, சிரித்துக்கொண்டே, நம்முடைய ஆட்கள் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மாப்பிள்ளை மன்னாரெண்டியள். தகப்பன் என்ன செய்யிறார்?"

சோறு என் வாயில் அப்படியே நின்றது. வியாபாரம் என்று சொல்லலாம். காணி இருக்கிறது என்று சொல்லலாம். அந்தச் சத்தத்தில் காது கேட்காததுபோல மற்றப் பக்கம் திரும்பியும் இருக்கலாம். றெஜினாவின் அப்பா கழுத்துப் பட்டியைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"கடற்தொழில்," என்றார்.

"ஓ..." என்று இழுத்தார் கேட்டவர்.

"உந்தத் துணியில கிடக்கிறது அவற்ற வலைதான்." கையை நீட்டிக் காட்டினார். "முகாமில இருக்கிறார், வர விடேல்லை. வந்திருந்தா இதில நிண்டு உங்களுக்கு முதல் கை தந்திருக்க வேண்டியவர் அவர்."